கல்யாணமாகி வந்தவர் பினாங்கு சட்டமன்றம் போக முடியுமா?

திருச்சியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கல்யாணமாகிப் பினாங்கு வந்த ஒரு பெண், இங்கே மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆக முடியுமா? முடியும். எங்கே பிறந்தவர் என்று சட்டம் பார்ப்பதில்லை, மலேசியக் குடிமகளா என்று மட்டுமே பார்க்கிறது. ஆனால் அந்தக் குடியுரிமை கைக்கு வர வருடங்கள் பிடிக்கும். வந்த பிறகும் பழைய ஊர்ப் பழக்கம் ஒன்று அதைக் கெடுத்துவிடக்கூடும். அரசியல் ஆசை உள்ள பெண்களில் பலர் தடுமாறுவது ஓட்டுப் பெட்டி வருவதற்கு வெகு முன்னால், காகித வேலையில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் காகிதத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் அந்தப் பதவி எப்படிப்பட்டது என்று பார்த்துவிடுவோம். பினாங்கு சட்டமன்றத்துக்கு 40 தொகுதிகள். லைட் ஸ்திரீட்டில் இருக்கும் கட்டடத்தில் கூடுகிறது. நிலம், ஊராட்சி மன்றங்கள், குடிநீர், விவசாயம் போன்றவை மாநிலத்தின் கையில். பள்ளிக்கூடம், மருத்துவமனை, போலீஸ், குடியுரிமை எல்லாம் புத்ராஜெயாவின், அதாவது கூட்டரசின் கையில். இந்தப் பிரிவினை தெரியாமல் களத்தில் இறங்குபவர் முதல் மாதமே திணறிப்போவார். ஏனென்றால் தமிழ் வாக்காளர்கள் கொண்டுவரும் முறையீடுகளில் பாதி தமிழ்ப்பள்ளி, அடையாள அட்டை, மருத்துவமனை பற்றியவை. அவற்றில் சட்டமன்ற உறுப்பினருக்கு நேரடி அதிகாரம் கிடையாது. ஆதரவுக் கடிதம் எழுதலாம், அதிகாரியை அழைத்துப் பேசலாம், மாநில மானியம் கேட்டுத் தரலாம். அவ்வளவுதான்.

இனி குடியுரிமை. மலேசியக் குடிமகனை மணந்து வரும் பெண் முதலில் நீண்டகால சமூக வருகை பாஸில் இருப்பார். அந்தப் பாஸில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இருந்த பிறகுதான் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு, அதாவது பி.ஆருக்கு, குடிநுழைவுத் துறையில் மனுச் செய்யலாம். அது கிடைத்தால் சிவப்பு நிற அடையாள அட்டை, அதாவது சிவப்பு ஐ.சி. அதற்குப் பிறகு தேசியப் பதிவுத் துறையில், கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பம். அந்தப் பிரிவு கேட்பது இவைதான்: கணவர் குடிமகனாக இருக்க வேண்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் முழுக்க மனைவி நாட்டில் வசித்திருக்க வேண்டும், இங்கேயே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் வேண்டும், நன்னடத்தை வேண்டும். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், மனைவியருக்கு மலாய் மொழி அறிவையும் நிபந்தனையாக்கியது.

இந்த மூன்று கட்டங்களையும் காத்திருப்பையும் சேர்த்துப் பார்த்தால் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டே ஆண்டில் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால், அவர் சட்டத்தில் உள்ள ஒரு வரியை மட்டும் படித்தவர்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. 15-ஆம் பிரிவு, திருமணம் நடப்பில் இருக்கும் பெண்ணுக்குத்தான் பொருந்தும். விண்ணப்பிக்கும் முன்பே கணவர் இறந்துவிட்டால் அல்லது மணவிலக்கு ஆகிவிட்டால் இந்த வழி அடைந்துவிடும். மிஞ்சுவது 19-ஆம் பிரிவு. அது எல்லா வெளிநாட்டவருக்குமான பொது வழி. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து ஆண்டு வசிப்பும், போதிய மலாய் மொழி அறிவும் கேட்கும். ஆகவே, தகுதி வந்த பிறகும் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது அரசியல் ஆசை இல்லாத பெண்ணுக்குக்கூட நல்லதல்ல.

ஆவணங்களில் அடிக்கடி சிக்குவது பெயர். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் "ச. மீனாட்சி" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும், திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எழுத்துக்கூட்டலும் ஒன்றுக்கொன்று மாறும். இவர் எல்லாமே ஒருவர்தான் என்று காட்ட ஒரு சத்தியப்பிரமாணம் வேண்டியிருக்கும். பெயரை எங்கே திருத்த முடியுமோ அங்கே சீக்கிரமே திருத்திக்கொள்ளுங்கள். அடையாள அட்டையில் கடைசியாக எந்தப் பெயர் பதிகிறதோ அதுதான் பிற்பாடு வேட்புமனுவிலும் ஓட்டுச்சீட்டிலும் வரப்போகும் பெயர்.

குடியுரிமை கிடைக்கும்போது விசுவாசப் பிரமாணம் எடுத்து, பழைய நாட்டுக் குடியுரிமையைக் கைவிட வேண்டும். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியச் சட்டத்தின்படியும், வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவர் அந்தக் கணமே இந்தியக் குடிமகள் அல்ல. பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்து அதற்கான சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆனால் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாலும், ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் அப்படியே கிடக்கும். சித்திரை மாதம் அம்மா வீட்டுக்குப் போன நேரத்தில் அங்கே தேர்தல் வரும். பழைய வாக்காளர் அட்டை பீரோவில் இருக்கும், அண்ணன் வண்டியில் கூட்டிப்போவார், விரலில் மை வைத்துக்கொண்டு திரும்புவார்கள். அந்த மை இரண்டு நாட்டிலும் சிக்கல். இந்தியாவில் அது குடிமகள் அல்லாதவர் போட்ட ஓட்டு. இங்கே, அரசமைப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, வெளிநாட்டுத் தேர்தலில் ஓட்டுப் போடுவதை அந்த நாட்டு உரிமையைப் பயன்படுத்தியதாகவே கொள்கிறது. குடியுரிமையைப் பறிக்க அது காரணமாகலாம். சட்டமன்றப் பதவிக்கும் அது தகுதிக் கேடு. வெளிநாட்டுக் குடியுரிமையைத் தேடிப் பெற்றவரும், வெளிநாட்டுக் குடியுரிமையின் உரிமைகளைப் பயன்படுத்தியவரும் உறுப்பினர் ஆக முடியாது என்று அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை சொல்கிறது. ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு எதிரணி தோண்டும் முதல் இடம் அதுதான்.

சிவப்பு ஐ.சி. காலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம், குடியுரிமை இல்லாதவருக்குப் பேரணி நடத்தவோ கலந்துகொள்ளவோ உரிமை தரவில்லை. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம். தோழிகள் கொடி பிடித்துப் போகிறார்கள் என்று கூடவே போய்விடக்கூடாது. பி.ஆர். வைத்திருப்பவருக்கு ஓட்டுரிமை இல்லை, வேட்பாளர் உரிமையும் இல்லை. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் அன்னதானம், டியூஷன் வகுப்பு, தாமான் (குடியிருப்புப் பகுதி) பெண்கள் குழு ஆகியவை இந்தக் காலத்துக்கு ஏற்றவை. பொறுப்பாளர் பதவிக்குக் குடியுரிமை கேட்கும் சங்கங்கள் பல உண்டு. ஆகவே பொறுப்பேற்கும் முன் அமைப்பு விதியைப் படியுங்கள். இந்த ஆண்டுகளில் செய்ய வேண்டிய இன்னொரு பெரிய வேலை மலாய். சந்தையில் பேரம் பேசும் மலாய் போதாது. அரசாங்கக் கடிதத்தைப் படித்து, பதில் எழுதி, சபையில் நின்று கேள்வி கேட்கும் அளவுக்கு வேண்டும். பினாங்கில் ஹொக்கியன் என்ற சீன மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் பாதிக் கதவு திறக்கும்.

குடிமகளுக்கான நீல ஐ.சி. வந்துவிட்டது. 2021 டிசம்பரிலிருந்து 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். ஆனாலும் தேர்தல் ஆணையத்தின் 'மைஎஸ்பிஆர் செமாக்' தளத்தில் ஐ.சி. எண்ணைத் தட்டி, பெயர் ஏறிவிட்டதா, எந்தத் தொகுதி, எந்த வாக்களிப்பு மையம் என்று சரிபார்க்க வேண்டும். ஐ.சி. எண்ணின் நடுவில் வரும் இரண்டு இலக்கம் பிறந்த இடத்தைக் காட்டும். பினாங்கில் பிறந்தவருக்கு 07. வெளிநாட்டில் பிறந்தவருக்கு வேறு எண் இருக்கும். அந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்துவிட்டு "நீங்க இந்த ஊரு இல்லையே" என்று கேட்பவர்கள் கட்சிக்குள்ளேயே இருப்பார்கள். சட்டப்படி அதற்கு எந்தப் பொருளும் இல்லை.

முகவரியில் மட்டும் கவனம் வேண்டும். மாநிலச் சட்டமன்ற வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். பினாங்கின் பிறை பகுதியில் வேலை பார்த்துக்கொண்டு, வீடு மலிவு என்று கூலிமிலோ பாரிட் புந்தாரிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கூலிம் கெடா, பாரிட் புந்தார் பேராக். பினாங்கில் நிற்க நினைப்பவர் குடியிருப்பையும் ஐ.சி. முகவரியையும் பல காலம் முன்பே பினாங்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கட்சியைத் தேர்ந்தெடுப்பது அவரவர் மனம். ஆனால் சீட்டு எப்படிக் கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு சேர வேண்டும். கிளை, தொகுதி, மாநிலம் என்று படிப்படியாகப் பெயர் மேலே போகும். முடிவு தலைமையில் எடுக்கப்படும். அதற்கும் முன்பு, எந்தத் தொகுதி எந்தக் கட்சிக்கு என்று கூட்டணிக்குள் பங்கீடு நடந்திருக்கும். நீங்கள் பத்து வருடம் உழைத்த தொகுதி தோழமைக் கட்சிக்குப் போய்விடலாம். மகளிர் பிரிவில் நல்ல பெயர் எடுத்தவர்களைத் தேர்தல் நேரத்தில் சமையலுக்கும் கூட்டம் சேர்க்கவும் மட்டும் கூப்பிடுவதும் நடக்கிறது. அது நியாயமே இல்லை. அதிலிருந்து தப்ப ஒரு நல்ல வழி, தனிப்பட்ட சேவைக் கணக்கைக் கையில் வைத்திருப்பது. யாருக்கு என்ன முறையீடு, எந்தத் துறைக்கு எந்தத் தேதியில் கடிதம், என்ன முடிவு என்று ஒரு கோப்பு. நேர்காணலில் பேச்சைவிட அந்தக் கோப்பு அதிகம் பேசும்.

சேவை என்று சும்மா சொன்னால் புரியாது. சுங்கை பூயுவிலோ பாகான் டாலாமிலோ ஒரு வீட்டு வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டதாக ஒரு பாட்டி சொல்கிறார் என்று வையுங்கள். சாலையோரச் சின்னக் கால்வாய் என்றால் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றம், தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றம். பெரிய ஆறு, மழைநீர்க் கால்வாய் என்றால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. தனியார் நிலத்துக்குள் என்றால் நில உரிமையாளர். அடுக்குமாடியில் குழாய் உடைந்தால் முதலில் கூட்டு நிர்வாகக் குழு, அது அசையவில்லை என்றால் மாநகர் மன்றத்தில் உள்ள கட்டட ஆணையர் பிரிவு. குடிநீர் மீட்டர் என்றால் பினாங்கு நீர் வாரியம். தவறான அலுவலகத்துக்குப் போன கடிதம் மூன்று வாரம் கழித்து "எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று திரும்பி வரும். பாட்டி அதற்குள் வேறொருவரிடம் போய்விட்டிருப்பார். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், முறையீட்டு எண்ணை வாங்குங்கள், அந்த எண்ணைப் பாட்டியிடமும் எழுதிக் கொடுங்கள். வேலை முடியாவிட்டாலும், எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில் கைகொடுக்கும் இரண்டு நியமனப் பதவிகள் உண்டு. ஒன்று எம்.பி.கே.கே. எனப்படும் கிராமச் சமூக நிர்வாக மன்றம். மற்றது மாநகர் மன்ற உறுப்பினர் பதவி. ஜார்ஜ்டவுனில் 1951-லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1957-இல் அது மாநகரானது; அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் டி.எஸ். இராமநாதன். கோலாலம்பூரில் 1952 நகராண்மைத் தேர்தலில் பங்சார் வட்டாரத்தில் நின்று வென்ற தேவகி கிருஷ்ணன்தான் மலாயாவில் தேர்தலில் வென்ற முதல் பெண். ஆனால் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. இப்போது ஒரு மன்றத்துக்கு அதிகபட்சம் 24 உறுப்பினர்கள், மாநில அரசின் நியமனம். அதனால் ஒரு புதிய பெண் சின்ன அளவில் தேர்தலில் நின்று பழகிக்கொள்ள இங்கே இடமே இல்லை. முதல் தேர்தலே சட்டமன்றத் தேர்தலாகத்தான் இருக்கும். புலம்பெயர்ந்து வந்தவருக்கு இது பெரிய இழப்பு என்பது எங்கள் கருத்து.

வாக்காளர் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பினாங்கு மக்களில் இந்தியர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பிறை, பாகான் டாலாம் போன்ற இடங்களில் கூடுதல் என்றாலும், தமிழர் ஓட்டை மட்டும் வைத்து வெல்லும் தொகுதி இந்த மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. சீனர் வீட்டுத் துக்கத்துக்குப் பணம் வைத்த வெள்ளைக் கவரோடு போகத் தெரிய வேண்டும், மலாய்க்காரர் கெண்டூரி விருந்தில் உட்கார்ந்து சாப்பிடத் தெரிய வேண்டும். பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியை 2013 முதல் 2022 வரை வைத்திருந்த கஸ்தூரிராணி பட்டு, 2022-இல் பேராக்கின் புந்தோங் சட்டமன்றத் தொகுதியில் வென்ற துளசி திவானி ஆகியோர் எல்லா இனத்தாரின் ஓட்டையும் வாங்கித்தான் வந்தார்கள்.

அடுத்து வேட்புமனு நாள். 2023 மாநிலத் தேர்தலில் ஜூலை 29 வேட்புமனு, ஆகஸ்ட் 12 வாக்களிப்பு, நடுவில் பதினான்கு நாள் பிரசாரம். மனு வாங்கும் நேரம் காலை 9 முதல் 10 வரை, ஒரே ஒரு மணி நேரம். வேட்புமனுவில் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருந்தாலும் தொகுதி எல்லை தாண்டியிருந்தால் மனு செல்லாது. எனவே முதல் நாளே அவர்கள் ஐ.சி. எண்ணைப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். தகுதிக்கேடு இல்லை என்ற சத்தியப்பிரமாணத்தில் சத்தியப்பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டு, முத்திரைத்தலை ஒட்டியிருக்க வேண்டும். பெயர் ஐ.சி.யில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல். வைப்புத்தொகை சட்டமன்றத் தொகுதிக்கு 5,000 ரிங்கிட், நாடாளுமன்றத்துக்கு 10,000. பதாகைகளை அகற்றுவதற்கான வைப்புத்தொகை சட்டமன்றத்துக்கு 3,000. எல்லாவற்றையும் இரண்டு செட்டாகத் தயாரித்து, தேர்தல் அதிகாரியிடம் முன்கூட்டியே காட்டிப் பிழை பார்த்துக்கொள்ளும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

காகிதம் சரியாக இருந்தும் வாசலிலேயே நின்றுபோவதும் உண்டு. 2018 பொதுத்தேர்தலில் நெகிரி செம்பிலான் ரந்தாவ் தொகுதி வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராம், நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை என்று மனுத்தாக்கல் மையத்துக்குள் விடப்படவில்லை. எதிர் வேட்பாளர் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். வழக்குப் போட்ட பிறகு தேர்தல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்தது, அதிலும் எதிர் வேட்பாளரே வென்றார். ஒரு நுழைவுச் சீட்டு ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது.

பதிவான ஓட்டில் எட்டில் ஒரு பங்குகூட வாங்காவிட்டால் வைப்புத்தொகை போய்விடும். 20,000 ஓட்டு விழுந்தால் 2,500 வேண்டும். சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு ஒரு லட்சம் ரிங்கிட். 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டம், ஓட்டுக்காகச் சாப்பாடு போடுவதையும் பணம் கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஊர் வழக்கப்படி விருந்து வைத்துப் பழகியவர்கள் இதில் எளிதாக வழுக்கிவிடுவார்கள். பிரசார நாட்களில் தேநீரைக்கூட உங்கள் கணக்கில் வாங்கித் தராதீர்கள். வாக்களிப்பு நாளில் ஒவ்வொரு மையத்தின் ஒவ்வொரு வாக்களிப்பு அறைக்கும் ஒரு முகவர் வேண்டும். எண்ணி முடிந்ததும் அந்த அறையின் ஓட்டு எண்ணிக்கையைக் காட்டும் 14-ஆம் படிவம் அவர் கையில் வர வேண்டும். ஆள் போதாமல் சில அறைகளை விட்டுவிடும் சின்னக் குழுக்கள், பிறகு முடிவை எதிர்த்துப் பேச ஆதாரமில்லாமல் நிற்கும்.

வென்ற பிறகு எதுவரை போகலாம்? மாநில அமைச்சரவை போன்ற ஆட்சிக்குழுவில் முதலமைச்சர் தவிர நான்கு முதல் பத்து பேர் வரை இருக்கலாம். வெளியூரில் பிறந்தவர் அதில் இடம்பெறத் தடை இல்லை. 19-ஆம் பிரிவு வழியாகக் குடியுரிமை பெற்றவர் மட்டும் முதலமைச்சர் ஆக முடியாது. கட்சி மாறும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கட்சித் தாவலுக்கு எதிராகப் பினாங்கு 2012-லேயே தன் அரசமைப்பில் ஒரு பிரிவைச் சேர்த்தது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2023-இல் அதன்படி நான்கு உறுப்பினர்கள் தங்கள் தொகுதியை இழந்தார்கள்.

தோற்றவருக்கும் வென்றவருக்கும் பொதுவாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முடிவு அரசாங்க இதழில் வெளியான 31 நாட்களுக்குள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். வைப்புத்தொகை இழந்த சோர்வில் "இனி யாருக்கு வேண்டும்" என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவர் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு உறுப்பினராகும் தகுதியை இழக்கிறார். ரசீதுகளைப் பிரசாரத்தின் முதல் நாளிலிருந்தே தேதிவாரியாக ஒட்டிவந்தால் அந்தக் கணக்கு ஒரு மாலைப்பொழுது வேலை.